பாஸ்வேர்டுக்கு ஒரு தீர்மானம்

20 ஜனவரி 2025, திங்கள்

பொங்கல் லீவு முடிந்தது. ஆபீஸ் திறந்தாகிவிட்டது. கீழே உரக்கடை, மேலே நாங்கள். யூரியா மூட்டை இறங்குகிற நாளில் நெடி தாங்காமல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மனசு வராது. நாங்கள் என்றால் மூன்றே பேர். முதலாளி தமிழரசன் சார், திரையில் தெரிவதையெல்லாம் செய்கிற அஜித், திரைக்குப் பின்னால் ஓடுவதையெல்லாம் எழுதுகிற நான். கள்ளக்குறிச்சியில் சாஃப்ட்வேர் கம்பெனி என்றால் ஜெராக்ஸ் எடுக்க வருகிறார்கள். 'இங்கு ஜெராக்ஸ் கிடையாது' என்று சார் போர்டு எழுதி மாட்டினார். இப்போது லேமினேஷன் கேட்டு வருகிறார்கள்.

ஹெல்ப்லைன் நம்பர் என்று ஆப்பில் போட்டிருப்பது என் சொந்த நம்பர். சாருடைய சிக்கனம். இன்றைக்கு அதில் ஒரு அழைப்பு.

"மேடம், வடக்கனந்தல்லேர்ந்து கமலா பேசறங்க. எங்க லாரி முறை கேன்சல் ஆயிக்கினே இருக்குது. கேட்டா சிஸ்டத்துல அப்பிடி வந்துடுச்சின்றாங்க."

சிஸ்டத்திலா! சுருக்கென்றது எனக்கு. சிஸ்டத்தை எழுதினவள் நான்தானே?

மரவள்ளி விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்கு நாங்கள் செய்துகொடுத்த ஆப் அது. லாரி முறையை அதில்தான் பதிவு செய்யவேண்டும். முறை வந்தால் வயலுக்கு லாரி வரும், கிழங்கு சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்குப் போகும். பிடுங்கிய கிழங்கு வயலில் கிடந்தால் கறுத்துப்போகும், மில்லில் மாவுச்சத்துப் பாயிண்ட் கம்மி என்று விலையைக் குறைப்பார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். சிஸ்டம் ஒன்றும் செய்யவில்லை. கமலாவின் முறையை ஒவ்வொரு தடவையும் ரத்து செய்தது அந்த ஊர் விவசாயிகள் குழுவின் தலைவர் பூமாலையின் டேப்லெட். கமலாவின் பெயரிலேயே நுழைந்து ரத்து செய்திருக்கிறார். அடுத்த முறை யாருடையது என்று பார்த்தால் பூமாலையுடையது. என்ன ஒரு பொருத்தம்!

"அவரு எங்க வூட்டுக்காரரோட அண்ணங்க" என்றார் கமலா. வீட்டுக்காரர் சுபாஷ் உளுந்தூர்பேட்டை ஹைவே ஓட்டலில் பரோட்டா மாஸ்டர், வெள்ளாமை முழுக்க இவர்தான். போன வருஷம் பிடுங்கிப் போட்ட கிழங்கு லாரி வராமல் கறுத்திருக்கிறது. 'பொம்பள வெச்ச வெள்ளாம அப்பிடித்தான்' என்று ஊரெல்லாம் சொன்னாராம் மச்சாண்டார். கறுக்க வைத்ததே அந்த மனுஷன்தான்!

"இந்த வருசமாச்சும் என் கெழங்கு என் முறையில போவணும் மேடம். பாஸ்வேர்ட மாத்திக் குடுங்க. அவருக்குத் தெரியக் கூடாது."

அப்போதுதான் உறைத்தது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு கொடுத்தோம். அதை மாற்றுகிற வழியை நாங்கள் வைக்கவேயில்லை. இரண்டு வருஷமாக ஒருத்தரும் கேட்கவில்லை. கதவு வைத்தோம், பூட்டு வைத்தோம், ஊருக்கே ஒரு சாவி.

21 ஜனவரி, செவ்வாய்

சாரிடம் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

"நல்ல ஐடியா. பாஸ்வேர்டு மாத்துனா குழுத் தலைவருக்கு ஒரு எஸ்எம்எஸ் போவணும்."

"எதுக்கு சார்?"

"ஒரு மரியாதைக்கும்மா. அதுலயே புது பாஸ்வேர்டையும் போட்டுட்டா, யாராச்சும் மறந்துட்டாலும் அவரு ஞாபகம் வெச்சிருப்பாரு."

எனக்குக் கோபம் வந்தது, ஜாஸ்தியாகவே வந்தது. பீரோவுக்குப் புதுப் பூட்டு வாங்கிவிட்டு, திருடனுக்கு மரியாதையாக ஒரு சாவி அனுப்புவீர்களா என்று கேட்டேன். சார் ஃபேனைப் பார்த்தார். அஜித் ஹெட்போனைப் போட்டுக்கொண்டான். அதில் பாட்டே ஓடவில்லை, ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

எஸ்எம்எஸ் கிடையாது என்று முடிவு. சார் முகம் சரியில்லை.

23 ஜனவரி, வியாழன்

எழுதி முடித்தேன். ஏபிஐ, அதாவது ஆப் வந்து கேட்கிற இடம், ரேஷன் கடை ஜன்னல் மாதிரிதான். கேட்கிற விதத்தில் கேட்டால் கொடுக்கும், இல்லையென்றால் ஒரு நம்பரைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். என் ஜன்னல் பழைய பாஸ்வேர்டைக் கேட்கும், புதியதைக் கேட்கும், சரியாக இருந்தால் மாற்றும். அவ்வளவுதான். அஜித் சோதித்தான். பழையதையே புதியதாகவும் கொடுத்தான். 'வெற்றிகரமாக மாற்றப்பட்டது' என்று வந்தது. சிரித்துத் தொலைத்தான். சரிசெய்தேன்.

26 ஜனவரி, ஞாயிறு

வடக்கனந்தல் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போனேன். கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு கூட்டம். கல்வராயன் மலை பக்கத்திலேயே நீலமாக நிற்கிறது, டவர் மட்டும் விட்டு விட்டுத்தான் வருகிறது.

பூமாலை ஐயாவை எதிரி மாதிரி கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். மனுஷன் வாசலுக்கே வந்து, "வா பாப்பா, மொதல்ல சாப்புடு" என்று இட்லி வைக்கிறார். கோபப்படவும் வழியில்லை, இட்லி நன்றாக இருந்தது.

எட்டு எழுத்து வேண்டும், ஒரு எண் வேண்டும், ஒரு குறி வேண்டும் என்று சொன்னேன். @ என்ற குறியைக் காட்டியதும் ஒருவர், "அந்த ஜிலேபி மாதிரி இருக்குதே, அதா?" என்றார். அதற்கப்புறம் கூட்டம் முழுக்க அதற்கு ஜிலேபி என்றுதான் பெயர்.

யாரும் டைப் செய்யவில்லை. எல்லோருக்கும் போனில் மைக்கை அழுத்திப் பேசித்தான் பழக்கம். ஒவ்வொருவரும் போனை வாய்க்கு நேராகப் பிடித்து, புதிய பாஸ்வேர்டைக் கணீரென்று சொன்னார்கள். ஒருவருடைய போனில் சரியாக விழவில்லை என்றதும் பக்கத்தில் இருந்தவர் இன்னும் கணீரென்று சொல்லி உதவினார். "ரகசியமா வெச்சிக்கணும்ங்க" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

பிறகு பூமாலை ஐயா எழுந்தார். "ஆளுக்கு ஒண்ணு வெச்சிக்கினு நாளைக்கு மறந்துட்டு நிப்பீங்க. நம்ம குழுவுல ஒளிவு மறைவு இன்னா இருக்குது? எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுன்னு தீர்மானம் போட்டுடலாம்."

போட்டார்கள். முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், கைதட்டினார்கள். புதிய பாஸ்வேர்டைத் தீர்மானப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, எல்லோரும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். ஜிலேபியைப் பார்த்து வரைய மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் மெனக்கெட்டுச் செய்த வழியை அத்தனை பேரும் பயன்படுத்தி, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். கமலா அக்காவும் கையெழுத்துப் போட்டார். முதல் தடவையாக முகத்தைப் பார்க்கிறேன். ஒல்லியாக, வெயிலில் காய்ந்து, பின்வரிசையில். கிளம்பும்போது மோர் கொடுக்கிற சாக்கில் கிட்ட வந்து, "செவ்வாக்கெழம போன் பண்றன் பாப்பா" என்றார்.

28 ஜனவரி, செவ்வாய்

செய்துவிட்டோம்!

அவர் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் பால் சொசைட்டி வாசலாம். ஊரே வந்து நிற்கிற இடம். அங்கே நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரியின் போனில் என்னோடு பேசினார், தன் போனில் மாற்றினார். மைக் கூடாது, ஒவ்வொரு எழுத்தாகத் தொடவேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் யாரோ வந்து "இன்னா கமலா, கறவ எப்பிடி?" என்று கேட்பார்கள். இவர் பதில் சொல்வார். எழுதினதெல்லாம் மறைந்துபோகும். மறுபடி முதலிலிருந்து.

கடைசியில் 'மாற்றப்பட்டது' என்று வந்துவிட்டது. சந்தோஷத்தில், "நான் இன்னா வெச்சன் தெரியுமா" என்று ஆரம்பித்தார்.

"அக்கா, சொல்லாதீங்க!"

"உன் கிட்ட கூடவா?"

"என் கிட்ட கூடத்தான்."

"அப்ப நெஜமாவே எனுக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார். அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

30 ஜனவரி, வியாழன்

மறுபடி கேன்சல். ஐயோ. எப்படி? பாஸ்வேர்டுதான் மாத்தியாச்சே, எப்படி உள்ள போனாரு? கெழங்கு புடுங்க ஆளுங்க வந்து வயலில நின்னுக்கினு இருக்காங்களாம், லாரி பூமாலை வயலுக்குப் போய்டுச்சாம். அக்கா அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. "உன்ன நம்பினன் பாப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

31 ஜனவரி, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். என் தப்பு. என் தப்பேதான்.

போன் இல்லாத உறுப்பினர்களுக்கு உதவட்டும் என்று, தலைவர் டேப்பில் எல்லோருடைய கணக்கையும் திறந்தே வைத்திருக்கும் வசதியை அஜித் செய்திருந்தான். பெயரைத் தொட்டால் போதும், பாஸ்வேர்டே கேட்காது. நான் பாஸ்வேர்டை மாற்றினேனே தவிர, ஏற்கனவே உள்ளே இருப்பவர்களை வெளியே அனுப்பவில்லை. பூட்டை மாற்றியாகிவிட்டது, ஆள் வீட்டுக்குள்ளேயே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்.

இவ்வளவு படித்தும் இது தோன்றவில்லையே எனக்கு? என்னை நானே திட்டிக்கொண்டு திருத்தி எழுதினேன். இனிமேல் பாஸ்வேர்டு மாறினால் திறந்து கிடக்கும் லாகின் எல்லாம் அந்த நிமிஷமே மூடும். அக்காவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். செவ்வாய்க்கிழமைக்குப் புதிதாக முறை பதிவு செய்திருக்கிறாராம். நாளைக்கு இன்னொரு தடவை மாற்றுங்கள் அக்கா, இந்தத் தடவை பிசகாது என்றேன்.

"ஆளுங்கள மறுபடி கூப்புட்டுட்டன். ரெண்டாவது தடவ திருப்பி அனுப்ப முடியாது பாப்பா" என்றார். சரி என்றேன்.

1 பிப்ரவரி, சனி

அக்கா மாற்றினார். பூமாலை டேப் வெளியே தள்ளப்பட்டது. பூமாலை டேப் மட்டும் என்றால் பரவாயில்லை.

'கமலாவின் லாகின்களை மூடு' என்று எழுதவேண்டிய இடத்தில் 'லாகின்களை மூடு' என்று எழுதியிருக்கிறேன்.

திருக்கோவிலூரிலிருந்து மலை மேல் வெள்ளிமலை வரைக்கும் ஆப்பில் இருந்த அத்தனை பேரும் வெளியே. ஹெல்ப்லைன், அதாவது என் போன், ஓயாமல் அடித்தது. பாதி அழைப்புகளை அஜித் போனுக்கும் சார் போனுக்கும் திருப்பிவிட்டேன். திருக்கோவிலூரில் ஒருவர், "எங்க தெருவுல கரண்டு போனதும் உங்களாலதானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. அது எப்போது வரும் என்று கேட்டார்.

பால் சொசைட்டி வாசலில் நின்று ஒரு பெண் ஒரு பட்டனைத் தொட்டதில் இத்தனையும். அவருக்குத் தெரியாது. நான் சொல்லப்போவதும் இல்லை.

அதைத் திருத்திவிட்டேன். ஆனால் தீர்மானத்துப் பாஸ்வேர்டைப் போட்டு பூமாலை ஐயா ஒவ்வொரு கணக்காகத் திரும்பத் திறந்திருக்கிறார். ஒன்றே ஒன்று மட்டும் திறக்கவில்லை.

சாருக்கு அவரிடமிருந்து போன் வந்தது. நாளைக்குக் கூட்டமாம். நேரில் வரவேண்டுமாம். "அந்த விவசாயிங்க கம்பெனியே நம்ம கைய விட்டுப் போய்டும் இலக்கியா. எப்படியாச்சும் சமாளிச்சிடு" என்றார் சார்.

2 பிப்ரவரி, ஞாயிறு

இதை முழுசாக எழுதி வைக்கவேண்டும்.

சாருடைய வண்டியில் போனோம். அதே இடம், அதே மனுஷர்கள். இட்லி மட்டும் இல்லை. சாரைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டார் பூமாலை ஐயா. என்னை நடுவில் நிற்க வைத்தார்கள்.

"எல்லார் கணக்கும் தெறக்குது. கமலா கணக்கு தெறக்கல. இன்னா பாஸ்வேர்டுன்னு சொல்லு பாப்பா."

"எனக்குத் தெரியாதுங்க ஐயா."

"செஞ்சவ நீ. உனுக்கே தெரியாதா?"

சிரித்தார்கள். சார் என்னைப் பார்த்து மெதுவாக, "தெரிஞ்சா சொல்லிடும்மா" என்றார். அந்த நிமிஷம் ராஜினாமா கடிதத்தை மனசுக்குள் எழுதி முடித்துவிட்டேன். எனக்கு அத்தனை கோபம். அந்தக் கோபத்தில்தான் அடுத்த பேச்சு வந்தது என்று நினைக்கிறேன்.

"ஐயா, கெழங்கு மில்லுக்குள்ள போவுது. ஜவ்வரிசியா வெளிய வருது. அந்த ஜவ்வரிசிய வெச்சி திரும்ப கெழங்கு பண்ண முடியுமா?"

"அது எப்பிடி முடியும்?"

"அதேதாங்க. அக்கா போட்ட பாஸ்வேர்டு உள்ள வந்ததும் அரைச்சி வேற ஒண்ணா ஆக்கிடும். எங்க கிட்ட இருக்கறது ஜவ்வரிசி மட்டுந்தான். கெழங்கு அக்கா கிட்ட இருக்குது."

கூட்டம் யோசித்தது. ஒருவர் கேட்டார்: "அப்ப நாளைக்கு அவுங்க வந்தா அவுங்கதான்னு எப்பிடித் தெரியும்?"

"மறுபடி கெழங்கு குடுப்பாங்க. மறுபடி அரைப்போம். அதே ஜவ்வரிசி வந்தா உள்ள விடுவோம்."

"ஒரே கெழங்குக்கு ஒரே ஜவ்வரிசியா? நம்ம மில்லுக்காரன் ஒரே கெழங்குக்கு காலையில ஒரு பாயிண்ட் சொல்றான், சாய்ங்காலம் ஒரு பாயிண்ட் சொல்றான். இவுங்க பரவால்லியே!"

எல்லோரும் சிரித்தார்கள், இந்தத் தடவை என் பக்கம் நின்று. சாரும் சிரித்தார், பூமாலை ஐயாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"செரி. அரைச்சது அரைச்சதாவே இருக்கட்டும்" என்றார் பூமாலை ஐயா. "அத அழிச்சிட்டு நம்ம தீர்மானத்துப் பாஸ்வேர்ட போட்டு வுடு."

"அத அவங்க கேட்டாத்தான் செய்யலாங்க. வேற யார் கேட்டாலும் முடியாது."

எல்லோரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. நான் பேசிவிட்டு வண்டியேறிப் போய்விடுவேன். அவர் அந்த ஊரில், அந்தக் குடும்பத்தில், அந்த மனுஷருக்குப் பக்கத்து வயலில் இருக்கவேண்டியவர். கேட்டுவிடுங்கள் அக்கா, பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அக்கா எழுந்து நின்றார். "நான் கேக்கல மாமா."

"தீர்மானத்துல கையெழுத்து போட்டியேம்மா?"

"போட்டன். லாரி முறையும் எம்பேர்லதான் போட்டு இருந்துச்சி. நீங்க மாத்துனீங்க. நானும் மாத்திட்டன்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பூமாலை ஐயா டீ கிளாஸை எடுத்தார். அது காலியாக இருந்தது. இருந்தும் குடித்தார்.

திரும்பி வரும் வழியில் சார் வண்டியை மெதுவாக்கினார். பிறகு, "ஜவ்வரிசி உதாரணம் நல்லா இருந்துச்சி. நான்தான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

4 பிப்ரவரி, செவ்வாய்

லாரி வந்தது. ஆட்கள் வந்தார்கள். கிழங்கு போய்ச் சேர்ந்தது. அக்கா மில்லிலிருந்தே பேசினார், லாரியில் கூடவே போயிருக்கிறார். பாயிண்ட் நன்றாகவே வந்திருக்கிறது. "மாமாவுக்கு என்ன வுட ஒரு பாயிண்ட் ஜாஸ்தி. பரவால்ல, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். அந்தக் குரலைக் கேட்டால் அடுத்த வருஷத்துக்கு பூமாலை ஐயாதான் கவலைப்படவேண்டும்.

எனக்கு அழுகை வந்தது. காரணம் யூரியா என்று அஜித்திடம் சொன்னேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

வடக்கனந்தல் குழுவிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம். தீர்மானப் புத்தகத்தின் புதிய பக்கம். கூட்டத்தில் பெண்கள் சிலர் தங்களுக்கும் தனியாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், ஆண்களும் சேர்ந்துகொண்டார்களாம்.

'இனி உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி பாஸ்வேர்டு வைத்துக்கொள்வது என்றும், அதை ரகசியமாகப் பாதுகாப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பாஸ்வேர்டுகள் பின்வருமாறு.'

கீழே ஒவ்வொருவர் பெயரும், அதற்கெதிரே அவரவர் பாஸ்வேர்டும். எல்லாம் அழகான கையெழுத்து, ஜிலேபிகள் உட்பட. பூமாலை ஐயாவுடையதும் இருக்கிறது, ஒளிவு மறைவில்லாத மனுஷன். கமலா என்ற பெயருக்கு எதிரே மட்டும் 'சொல்ல மறுத்துவிட்டார்' என்று எழுதி, அதற்கும் அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் படத்தை அழித்தேன். எழுதி வைத்தால் அது ரகசியமில்லை என்று மற்றவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? நான்தான் போகவேண்டும்.

24 பிப்ரவரி, திங்கள்

சார் காலையிலேயே கூப்பிட்டார். ஆப்பில் யார் என்ன செய்தார்கள் என்ற பதிவுகளைப் பார்த்திருக்கிறார், அபூர்வமாக. "ஒரே ஆளு பாஸ்வேர்டு மாத்திக்கிட்டே இருக்காங்க இலக்கியா. யாராச்சும் உள்ள பூந்துட்டாங்களா பாரு."

பார்த்தேன். கமலா. மாற்றியிருக்கிறார், இரண்டு நாள் கழித்து மாற்றியிருக்கிறார், மறுபடி மாற்றியிருக்கிறார், இன்றைக்குக் காலையிலும். பகீரென்றது. மொட்டை மாடியில் போய் நின்று போன் செய்தேன்.

"அக்கா, யாராச்சும் கண்டுபுடிச்சிட்டாங்களா?"

"இல்லியே."

"மறந்துட்டீங்களா?"

"அதெல்லாம் மறக்க மாட்டன்."

"அப்புறம் ஏன்க்கா மாத்திக்கினே இருக்கீங்க? சீசனே முடிஞ்சிடுச்சே, லாரியே கெடையாதே?"

பால் கேன் இடிபடுகிற சத்தம். யாரோ எதையோ கேட்டார்கள், இவர் பதில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சும்மாதான் பாப்பா. வூட்டுல பொட்டி சாவி மாமியார் கிட்ட இருக்குது. பாஸ்புக்கு வூட்டுக்காரரு கிட்ட இருக்குது. இது ஒண்ணுதான் எனுக்கு மட்டும் தெரிஞ்சது. பால் ஊத்த வரப்ப புதுசா ஒண்ணு யோசிச்சி வெப்பன். அத நெனச்சிக்கினே வூட்டுக்குப் போவன். தப்பாம்மா?"

"தப்பில்லக்கா."

கீழே வந்தேன். சார் காத்திருந்தார். மாதத்துக்கு ஒரு தடவைதான் மாற்றலாம் என்று ஒரு கட்டுப்பாடு வைத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் சார், இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை.